குடும்பப் படங்களில் பாட்டியும் அம்மாவும் ஏன் வில்லிகளாகவே வருகிறார்கள்?

பெரம்பூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். பாட்டி, அம்மா, அவர் என்று மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பெண்களின் கஷ்டத்தைச் சொல்லும் ஒரு குடும்பப் படத்தை மூவரும் சேர்ந்து பார்த்தார்களாம். கதாநாயகி வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் இவர் கைதட்டியிருக்கிறார். பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா வாயே திறக்கவில்லை. அவர் கேட்பது இது: "இந்தப் படங்களில் வயதான பெண்கள் எல்லாரும் ஏன் கொடுமைக்காரிகளாகவே இருக்கிறார்கள்? என் பாட்டி அப்படி இல்லையே. அவர்களை நியாயமாகக் காட்டிய படங்கள் உண்டா? வீட்டோடு உட்கார்ந்து பார்க்க எதைச் சொல்வீர்கள்?"

உண்டு. ஆனால் குறைவு. தேடித்தான் எடுக்க வேண்டும்.

சென்னையில் சிறு அரங்குகளில் பெண்களுக்காகப் படம் போட்டு, முடிந்ததும் உட்கார வைத்துப் பேசுவது என் வேலையின் ஒரு பகுதி. அதில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படத்தை எடை போட கதாநாயகியைப் பார்க்க வேண்டாம், அவளுடைய அம்மாவையோ மாமியாரையோ பாருங்கள். அந்த வயதான பெண்ணுக்குப் படம் ஒரு காரணம் கொடுத்திருக்கிறதா? அவளாக ஒரு முடிவு எடுக்க ஒரு காட்சியாவது இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அது நல்ல படம். இல்லையென்றால், கதாநாயகி எவ்வளவு வீரமாகப் பேசினாலும் அது பாதிப் படம்தான்.

காரணம் எளிது. ஒரு வீட்டில் தீட்டு, மடி, சீர், சாப்பாட்டு வரிசை எல்லாம் ஒரு பெண்ணின் வாய் வழியாகத்தான் இன்னொரு பெண்ணுக்கு வந்து சேர்கிறது. தாத்தாவோ அப்பாவோ கூடத்தில் நாற்காலியில் இருப்பார். "மூணு நாள் அந்தப் பக்கம் வராதே" என்று சொல்ல வேண்டியவள் பாட்டி. கேமரா அவள் வாயை மட்டும் காட்டினால் அவள் வில்லி. அவள் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் காட்டினால்தான் கதை முழுசாகும்.

ஆரம்பத்திலிருந்தே நம் சினிமா வாயை மட்டும்தான் காட்டியது. கே. சுப்பிரமணியம் இயக்கி 1939-இல் வந்த 'தியாக பூமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் கதை. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளையே அச்சிட்டார்கள். தேசிய இயக்கத்தை வெளிப்படையாகக் காட்டியதற்காக ஆங்கிலேய அரசு அதைத் தடை செய்தது. இந்த வரலாற்றை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது நீதிமன்றக் காட்சி. புகுந்த வீட்டில் துரத்தப்பட்ட சாவித்திரி, பின்னால் உமாராணி என்ற பெரும் பணக்காரியாகச் சென்னைக்குத் திரும்பி வருகிறாள். கணவன் சேர்ந்து வாழச் சொல்லி வழக்குப் போடுகிறான். மாட்டேன், வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள் அவள். 1939-இல், ஒரு தமிழ்ப் படத்தில்! எஸ்.டி. சுப்புலட்சுமி நடித்த அந்தப் பாத்திரத்துக்கு இன்றும் ஈடு சொல்ல அதிகம் பேர் இல்லை.

ஆனால் அதே படத்தில் மாமியார் தங்கம்மாள் கொடுமைக்காரி, அவ்வளவுதான். அவள் ஏன் அப்படி ஆனாள் என்று கேட்கப் படத்துக்கு நேரமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: சாவித்திரி எதிர்த்து நிற்கக் கதையில் அவளுக்கு எங்கிருந்தோ சொத்து வந்தாக வேண்டியிருந்தது. சொத்து வராத சாவித்திரிகள்தான் நாட்டில் அதிகம். அவர்களில் பலர் தங்கம்மாள்களாக ஆகியிருப்பார்கள்.

இதை யோசிக்காமல் உங்கள் பாட்டியின் தலைமுறையைப் புரிந்துகொள்ள முடியாது. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989-இல். அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்த வேலி போனது. உங்கள் பாட்டி புகுந்த வீட்டுக்குள் நுழைந்த நாளில் அவர் கையில் நிலமும் இல்லை, சம்பளமும் இல்லை. வருடங்கள் போகப் போக அவருக்குக் கிடைத்த ஒரே அதிகாரம், இந்த வீட்டில் எது முறை, எது முறையில்லை என்று சொல்லும் அதிகாரம். இளம் மருமகளாக அதன் கீழே நசுங்கியவர், மாமியாரானபோது அதைக் கையில் வாங்கிக்கொண்டார். அதையும் விட்டுக்கொடு என்று சொல்லும்போது அவர் எழுந்து உள்ளே போவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, நியாயமாகக் காட்டிய படங்களுக்கு வருகிறேன். இதில் முதலிடம் ஜெயகாந்தன் கதைக்குத்தான். அது ஒரு சிறுகதையாகவும் ஒரு நாவலாகவும் ஒரு படமாகவும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வந்தது. மழை பெய்யும் ஒரு மாலை, பஸ் ஸ்டாப்பில் கல்லூரி மாணவி ஒருத்தி நிற்கிறாள். காரில் வந்தவன் ஏறச் சொல்கிறான். நடக்கக் கூடாதது நடக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா விதவை, ஏழை. அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் என்னவென்று விசாரிக்கிறார்கள். அந்த ஒரு நொடியில் அம்மா நிதானத்துக்கு வருகிறாள். மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறாள், அதற்குத்தான் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டு, மகளை உள்ளே கூட்டிப் போய்த் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவள் படித்தவள் இல்லை, புரட்சிக்காரியும் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஆசாரத்திலிருந்தே, தலைக்குத் தண்ணீர் விட்டால் தீட்டுப் போகும் என்ற அந்த நம்பிக்கையிலிருந்தே, மகளைக் காப்பாற்றும் வழியை எடுக்கிறாள். எதைக் கொண்டு ஊர் அவள் மகளை ஒதுக்கியிருக்குமோ அதையே அவள் மகளுக்குக் கவசமாக்கிவிட்டாள். தமிழில் ஒரு தாயைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பெரிய காட்சிகளில் ஒன்று என்று இதை நான் சொல்வேன்.

கதை வந்ததும் பெரிய சர்ச்சை. அப்புறம் ஜெயகாந்தன் செய்ததுதான் அதிசயம். அந்த அம்மா அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற பெயரில் புத்தகமாகி, 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இங்கே அதே மழை, அதே கார், அதே பெண். அம்மா மட்டும் வேறு. அவள் ஓலமிடுகிறாள், அண்ணன் காதுக்குப் போகிறது, ஊர் காதுக்குப் போகிறது. கங்கா வீட்டை விட்டு வெளியேற்றப்படுகிறாள். பின்னால் அவள் படித்து, பெரிய வேலைக்குப் போய், அம்மாவையே தன்னோடு வைத்துக் காப்பாற்றுகிறாள். ஆனாலும் அந்த ஒரு மாலையிலிருந்து அவள் வெளியே வரவே முடிவதில்லை. நாவலுக்குள்ளேயே ஒரு எழுத்தாளர் 'அக்கினிப் பிரவேசம்' கதையைப் பத்திரிகையில் எழுத, கங்கா அதைப் படிக்கிறாள். தனக்குக் கிடைக்காத அம்மாவை அச்சில் பார்க்கிறாள்.

ஏ. பீம்சிங் இயக்கத்தில் 1977-இல் இது படமாக வந்தது. கங்காவாக லட்சுமி, தேசிய விருது வாங்கினார். அந்த எழுத்தாளராக நாகேஷ். வீட்டில் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள்: முதலில் சிறுகதையைச் சத்தமாக வாசித்துவிட்டு அப்புறம் படத்தைப் போடுங்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாளா, ஓலமிட்டாளா என்ற ஒரே வித்தியாசத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் திரும்பிவிடுவதைப் பார்ப்பீர்கள். இந்த இரண்டாவது அம்மாவையும் கதை வில்லியாக்கவில்லை. அவள் பயந்தவள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பதைத் தவிர வேறு எதையும் அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' 1974-இல் வந்தது. வேலைக்குப் போகும் பெண்ணின் கதை என்று கொண்டாடுவார்கள். கவிதாவாக சுஜாதா அருமையாக நடித்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கவிதாவின் சம்பளத்தில் வீடு நடக்க வேண்டும் என்பதே ஒரு புதுக் கட்டுப்பாடாகி, அவள் கல்யாணத்தை விழுங்கிவிடுகிறது. அதைக் குடும்பம் எப்படி இயல்பாக ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பார்க்க மட்டும் பாருங்கள். அம்மாவுக்கு அங்கே பெரிய இடமில்லை.

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' உங்கள் பாட்டிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். 1986, ஏவி.எம். தயாரிப்பு, சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது. வீட்டின் நடுவே கோடு போடும் காட்சியை இன்றைக்கும் மீம் போடுகிறார்கள். எனக்கு அந்தக் காட்சியில் உறுத்துவது கமலா காமேஷ் நடித்த கோதாவரி. கோட்டைக் கிழி என்று கணவர் உத்தரவு போடுகிறார், அவள் கிழிக்கிறாள். பிள்ளைகளைப் பெற்றவளே கையால் வீட்டைப் பிரிக்க வேண்டும். உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் படத்தின் முடிவுக்காக விசுவைப் பாராட்டியே ஆக வேண்டும். எல்லாரும் மறுபடி ஒன்று சேரும்போது, மூத்த மருமகள் உமா தனிக்குடித்தனம்தான் என்கிறாள். சண்டையோடு இல்லை, பாசத்தோடு. தள்ளியிருந்து அன்பாக இருப்போம் என்று ஒரு மருமகள் சொல்லி, மாமனார் வீடு அதை ஏற்றுக்கொள்வது அந்தக் காலத்துக் குடும்பப் படத்தில் சின்ன விஷயமில்லை.

இனி சமீபத்தியவை. நீங்கள் மூவரும் பார்த்தது எது என்று சொல்லவில்லை. கதாநாயகி வெளியேறுகிறாள், பாட்டி எழுந்து போனார் என்றதும் எனக்கு ஜியோ பேபியின் மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' ஞாபகம் வந்தது. 2021-இல் வந்தது. 2023-இல் ஆர். கண்ணன் இயக்கி, ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழிலும் வந்தது. நான் மலையாளத்தைத்தான் சொல்வேன்.

அந்த வீட்டில் யாரும் கத்துவதில்லை. மாமனார் பேச்சில் மரியாதைக்குக் குறைவே இல்லை. அவருக்கு விறகடுப்பில் வடித்த சோறு வேண்டும், அம்மியில் அரைத்த சட்னி வேண்டும், துணியைக் கையால் துவைக்க வேண்டும், காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷை மனைவி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆண்கள் சாப்பிட்டுவிட்டு மென்ற முருங்கைக்காய்ச் சக்கையை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அதே மேஜையில்தான் மாமியாரும் மருமகளும் பிறகு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

மேற்கு மாம்பலத்தில் இந்தப் படத்தைப் போட்டபோது, முடிந்ததும் இளம் பெண்கள் எல்லாரும், மருமகள் ஆண்கள் மேல் அழுக்குத் தண்ணீரை வீசும் காட்சியைப் பற்றியே பேசினார்கள். கடைசி வரிசையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மாமி கையைத் தூக்கினார். "அந்த மாமியாரைப் பத்தி ஏன் யாருமே பேச மாட்டேங்கறேள்?" என்றார். அவர் சொன்ன பிறகுதான் அரங்கில் பலருக்கு அது நினைவுக்கு வந்தது. மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்பதற்கு மாமனார் சொல்லும் நியாயமே, என் மனைவியும் முதுகலை படித்தவள்தான், வீட்டோடு இருந்தாள் என்பது. அந்த மாமியார், மகள் பிரசவத்துக்காக வெளிநாட்டுக்குப் போனபின், போனில் மருமகளிடம், நீ விண்ணப்பம் போடு, இவர்களிடம் சொல்லாதே என்கிறாள். முழுப் படத்திலும் அவள் எடுக்கும் ஒரே முடிவு அது. அதையும் கடல் தாண்டிப் போனபிறகு, தாழ்ந்த குரலில்தான் அவளால் எடுக்க முடிகிறது. மாமி தொடர்ந்து சொன்னார்: "நானும் என் நாட்டுப்பெண்கிட்ட அதையேதான் சொன்னேன். சமையல் உள் கதவைச் சாத்திண்டு." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் அந்த மருமகள் என்று பிறகு தெரிந்தது.

அதே படத்தின் கடைசியில், பிறந்த வீட்டுக்குத் திரும்பும் மகளை அவளுடைய சொந்த அம்மா திட்டுகிறாள். தம்பி உள்ளே வந்து தண்ணீர் கேட்கிறான். அம்மா உடனே தங்கையை எழுப்பிக் கொண்டுவரச் சொல்கிறாள். அங்கேதான் கதாநாயகி வெடிக்கிறாள். உங்கள் அம்மா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்கிறீர்களே, இந்த மாதிரி ஒரு காட்சியைப் பார்க்கும் எந்த அம்மாவும் தன் வீட்டுத் தண்ணீர்ச் சொம்பை நினைக்காமல் இருக்க மாட்டார். அவர் மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) நல்ல படம், பின்னணி இசையே இல்லாமல் எடுத்தது. காதலித்த பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிப் போகும் ஆட்டோவில் வீட்டுப் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த முகங்களுக்காகப் பாருங்கள். ஆனால் பாட்டியோடு முதல் படமாக வேண்டாம்.

உங்கள் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட படம் ஒன்று இருக்கிறது: விபின் ராதாகிருஷ்ணன் இயக்கிய 'அங்கம்மாள்'. பெருமாள்முருகனின் 'கோடித்துணி' சிறுகதையை வைத்து எடுத்தது. கீதா கைலாசம் நடித்திருக்கிறார். கிராமத்தில் ரவிக்கை போடாமலே வாழ்ந்த அம்மா. மகன் பட்டணத்தில் படித்தவன், வசதியான இடத்தில் பெண் பார்த்திருக்கிறான். சம்பந்தி வீட்டார் வரும்போது அம்மா ரவிக்கை போட வேண்டும் என்பது அவனுக்கு மானப் பிரச்சினை. இங்கே பழைய வழக்கம்தான் அம்மாவின் சுதந்திரம். நாகரிகம் என்ற பெயரில் கட்டுப்பாட்டைக் கொண்டுவருபவன் படித்த மகன். பழசெல்லாம் சிறை, புதுசெல்லாம் விடுதலை என்று நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கு இந்தப் படத்தில் செல்லாது. யார் உடம்பைப் பற்றி யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்று புரிந்துவிடும். உங்கள் பாட்டிக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அவருடைய மாமியாரோ பாட்டியோ ரவிக்கை போடாதவராக இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்'. ராட்டர்டாம் திரைப்பட விழாவில் விருது வாங்கிவிட்டு 2025 செப்டம்பரில் திரையரங்குகளுக்கு வந்தது. டீசர் வந்தபோதே எதிர்ப்புக் கிளம்பியதால், படத்தைப் பார்க்காமலே ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள் அதிகம். சென்னையில் ஒரு பிராமணக் குடும்பம், பாட்டி, அம்மா, மகள் ரம்யா. அஞ்சலி சிவராமன் ரம்யாவாக. அம்மா சுந்தரியாக சாந்திப்ரியா. அம்மா அதே பள்ளியில் ஆசிரியை. அதனால் மகளுக்கு வீட்டிலும் காவல், பள்ளியிலும் காவல். பள்ளி, கல்லூரி, அப்புறம் முப்பதுகள் என்று படம் மூன்று கட்டமாகப் போகிறது. முதல் கட்டத்தில் அம்மா நமக்கு எரிச்சலூட்டுகிறாள். போகப் போக, மகளின் கண்ணில் அம்மா மெல்ல வேறொருத்தியாகத் தெரிய ஆரம்பிக்கிறாள். சம்பளம் வாங்கும் அம்மாவும் ஏன் பாட்டியின் சட்டத்தையே மகளிடம் கொண்டுவருகிறாள் என்பதை நம் சினிமாவில் இவ்வளவு பொறுமையாகக் கேட்ட படம் அரிது. இதைப் பாட்டிக்குக் காட்டலாமா என்றால், முதலில் நீங்களும் அம்மாவும் மட்டும் பாருங்கள். பாட்டிக்குக் காட்டலாமா வேண்டாமா என்பதை உங்கள் அம்மா முடிவு செய்யட்டும். இந்த விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

மூவரும் சேர்ந்து பார்க்க முதல் படம் என்றால், பிரம்மா இயக்கிய 'மகளிர் மட்டும்', 2017-இல் வந்தது. கமல்ஹாசன் தயாரித்த 1994 படத்தின் அதே பெயர், ஆனால் கதை வேறு. வருங்கால மாமியார் கோமாதாவை, அவருடைய பள்ளித் தோழிகளைத் தேடிக் கூட்டிக்கொண்டு போகிறாள் வருங்கால மருமகள். கோமாதாவாக ஊர்வசி, தோழிகளாகச் சரண்யாவும் பானுப்ரியாவும், மருமகளாக ஜோதிகா. சினிமாவாகச் சொன்னால் மற்றவற்றைவிடச் சாதாரணமான படம்தான். சில இடங்களில் பிரசங்கம் அதிகம், ஆண்களில் சிலர் அட்டை பொம்மைகள். இருந்தாலும் மாமியார் என்பவளும் ஒரு காலத்தில் ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதிக்க நினைத்த பெண்தான் என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன படம் வேறு கிடையாது. வயதானவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிரித்த பிறகு தங்கள் தோழிகளின் பெயரைச் சொல்ல ஆரம்பிப்பார்கள், யார் எந்த ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டார்கள், யாருக்குக் கடிதம் நின்றுபோனது என்று.

அதனால் என் வரிசை இப்படி: முதலில் 'மகளிர் மட்டும்'. அடுத்து 'அங்கம்மாள்'. மூன்றாவதாகச் சிறுகதை வாசிப்போடு 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். கிச்சன் படத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி மறுபடி எழுந்து போனால் தடுக்க வேண்டாம், பின்னாலேயே போய் விளக்கமும் சொல்ல வேண்டாம். மறுநாள் காலை காய் நறுக்கும் நேரத்தில், அந்த மாமியார் ஏன் போனில் மட்டும் அப்படிச் சொன்னாள் என்று அவரிடமே கேளுங்கள்.